பீடோங் பிள்ளையும் கோர்னெல் திடலும்: அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு எப்படி நடக்கிறது?

மாவட்டத் திடல்தடப் போட்டி முடிந்து பிள்ளை பதக்கத்தோடு வீடு திரும்பினால், பீடோங் பக்கத்துப் பெற்றோர் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "சார், இவ நல்லா ஓடுறா. அமெரிக்காவுல விளையாட்டுக்குன்னே ஸ்காலர்ஷிப் குடுக்குறாங்களாமே, நம்ம பிள்ளைக்குக் கிடைக்குமா?" கெடா மாநிலத்துப் பெண்ணான சிவசங்கரி சுப்பிரமணியம் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் ஸ்குவாஷ் அணிக்கு ஆடியவர் என்று தெரிந்த பிறகு இந்தக் கேள்வியில் ஒரு நம்பிக்கையும் சேர்ந்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் அங்கே பல்கலைக்கழக விளையாட்டு என்றால் என்ன, அதை யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். புரியாமல் போனால் ஆசையும் வீணாகும், ஏஜென்டுக்குக் கொடுத்த காசும் வீணாகும். கோர்னெலையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

நம் பள்ளிகளில் விளையாட்டு என்பது புறப்பாட நடவடிக்கை. ரூமா சுக்கானில் (பள்ளி இல்ல விளையாட்டில்) தொடங்கி மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறிப் போகும். அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு, அதற்காகவும் பிள்ளைகள் சேர்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு விளையாட்டு பெரும்பாலும் மாணவர் நலப் பிரிவின் கீழ் ஒரு மூலையில் இருக்கும். இங்கே செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதுவும் தனியார்தான். பீடோங் மக்களுக்குத் தனியார் பல்கலைக்கழகம் என்றதும் மனத்தில் தோன்றுவது மருத்துவம், பல் மருத்துவம், கட்டணம், கடனுதவி. விளையாட்டு தோன்றாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. விளையாட்டுக்கென்று ஒரு தனித் துறை, அதற்கு ஓர் இயக்குநர், ஒவ்வொரு அணிக்கும் முழுநேரப் பயிற்றுநர், காயம் பார்க்க ஆட்கள், சொந்த அரங்கம் என்று ஒரு பெரிய அமைப்பே இருக்கும். கோர்னெலில் 30க்கும் மேற்பட்ட அணிகள் பல்கலைக்கழகத்தின் பெயரில் வெளியே போய் ஆடுகின்றன. இவற்றை வார்சிட்டி அணிகள் என்பார்கள். இவற்றுக்குக் கீழே மாணவர்களே நடத்தும் கிளப் அணிகள் உண்டு. அதற்கும் கீழே, விடுதிக்கு விடுதி, நண்பர் குழுவுக்கு நண்பர் குழு என்று உள்ளுக்குள்ளேயே ஆடும் ஆட்டங்கள். பயிற்றுநர் வெளியூர், வெளிநாடு என்று ஆள் தேடுவது வார்சிட்டி அணிக்கு மட்டும்தான். "அங்க போய்ச் சேர்ந்துட்டா டீம்ல போட்டுருவாங்க" என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்த ஏற்பாடு யாரோ திட்டம் போட்டு உருவாக்கியதல்ல. 1852இல் ஹார்வர்ட் மாணவர்களும் யேல் மாணவர்களும் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள வின்னிபசாக்கி ஏரியில் படகுப் போட்டி நடத்தினார்கள். அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் மோதிய முதல் விளையாட்டுப் போட்டி அதுதான். செலவை ஏற்றுக்கொண்டது ஒரு ரயில் கம்பெனி. கூட்டம் வந்தால் டிக்கெட் விற்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆக, பல்கலைக்கழக விளையாட்டில் வணிகம் கலந்துவிட்டது என்று இன்று கவலைப்படுகிறவர்கள், அது முதல் நாளிலிருந்தே கலந்திருந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோர்னெல் 1865இல் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா என்ற மலைப்பாங்கான ஊரில் தொடங்கப்பட்டது. நிறுவியவர் எஸ்ரா கோர்னெல், தந்திக் கம்பித் தொழிலில் பணம் சேர்த்தவர். முதல் தலைவர் ஆண்ட்ரூ வைட்டுக்கு ஆரம்பத்தில் இந்த விளையாட்டு மோகம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1873இல் மிச்சிகன் அணியோடு ஆட மாணவர்கள் வெளியூர் போக அனுமதி கேட்டபோது, காற்றடைத்த ஒரு பையை உதைப்பதற்காக 30 பேர் 400 மைல் போவதா என்று மறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அதே பல்கலைக்கழகம் பிறகு 1915, 1921, 1922, 1939 ஆண்டுகளுக்கான அமெரிக்கக் காற்பந்து தேசிய வெற்றியைத் தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறது.

இந்தக் காற்பந்து வரலாற்றில் ஒரு ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் காற்பந்தில் பந்தை வைத்திருக்கும் அணி 10 யார் முன்னேற வேண்டும். அதற்கு நான்கு வாய்ப்புகள். நான்கிலும் முடியவில்லை என்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். 1940 நவம்பர் 16, கோர்னெல் அணி டார்ட்மத் கல்லூரியின் திடலில் ஆடியது. அதுவரை 18 ஆட்டங்களாகக் கோர்னெல் தோற்கவே இல்லை. கடைசி நிமிடத்தில் 3-0 என்று பின்தங்கியிருந்தது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வாய்ப்பு மேல் வாய்ப்பாக முயன்று, ஆட்டம் முடிய நொடிகளே இருந்தபோது பந்தை வீசிப் புள்ளி எடுத்துவிட்டார்கள். 7-3, வெற்றி. ஆனால் நடுவர் எண்ணிக்கையில் தவறிவிட்டார். அது ஐந்தாவது வாய்ப்பு. பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. கோர்னெல் தந்தி அனுப்பி வெற்றியை விட்டுக்கொடுத்தது. டார்ட்மத் 3-0 என்று பதிவேட்டில் இன்றும் இருக்கிறது. நடுவர் தந்த முடிவை யாரும் மாற்றச் சொல்லவில்லை, எந்த விதியும் வற்புறுத்தவில்லை. தோல்வியே காணாத ஓர் அணி தானாகவே தோல்வியை ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும்போது நான் அடிக்கடி சொல்லும் கதை இது, சலித்ததே இல்லை.

அப்போது கோர்னெலின் விளையாட்டு இயக்குநராக இருந்தவர் ஜேம்ஸ் லைனா. 1957இல் திறக்கப்பட்ட பனித்தள அரங்கத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே ஆடும் ஐஸ் ஹாக்கிதான் கோர்னெல் மாணவர்களின் உயிர். 1967இலும் 1970இலும் அந்த அணி தேசிய வெற்றியாளர். 1970ஆம் ஆண்டு அணி 29 ஆட்டம் ஆடி 29இலும் வென்றது. பல்கலைக்கழகங்களின் முதல் பிரிவு ஆண்கள் ஹாக்கியில் தோல்வியோ சமநிலையோ இல்லாமல் பட்டம் பெற்ற அணி வேறு கிடையாது. 1967 அணியின் கோல்காவலர் கென் டிரைடன், கனடாக்காரர். தொழில்முறை அணிக்குப் போகும் வழி திறந்திருந்தும் முதலில் படிப்பு என்று கோர்னெலுக்கு வந்தவர். பிறகு மாண்ட்ரியால் அணியோடு ஆறு முறை தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை வென்றார், வழக்கறிஞரானார், கனடா அரசாங்கத்தில் அமைச்சராகவும் இருந்தார். "விளையாட்டா படிப்பா, ஒண்ணச் சொல்லு" என்று பிள்ளையை நெருக்கும் அப்பாக்கள் இவரைப் பற்றிப் படிக்க வேண்டும்.

ஹார்வர்ட் அணி லைனா அரங்கத்துக்கு வந்தால் கோர்னெல் ரசிகர்கள் பனித்தளத்தில் மீனை வீசுவார்கள். நிஜ மீன். 1970களில் ஹார்வர்ட் ரசிகர் ஒருவர் கோர்னெலுக்கு விவசாயக் கல்லூரி இருப்பதைக் கேலி செய்து கோழியை வீசியதற்குப் பதிலடியாகத் தொடங்கிய வழக்கம் அது. பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். விவசாயத்தைக் கேலி செய்ததற்காக நான் கோர்னெல் பக்கம்.

இப்போது உபகாரச் சம்பளத்துக்கு வருவோம். பெரும்பாலோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கோர்னெல், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பிரவுன், டார்ட்மத், பென்சில்வேனியா ஆகிய எட்டையும் சேர்த்து ஐவி லீக் என்கிறோம். படிப்பில் உயர்ந்த பல்கலைக்கழகங்களின் பட்டியல் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒரு விளையாட்டு லீக். எட்டும் தங்களுக்குள் ஆடுவதற்கு 1945இல் அமெரிக்கக் காற்பந்துக்காக ஓர் ஒப்பந்தம் போட்டன, 1954இல் அதை எல்லா விளையாட்டுக்கும் விரிவாக்கின. அந்த ஒப்பந்தத்தின் மையமான விதி, விளையாட்டுத் திறமைக்காக யாருக்கும் உபகாரச் சம்பளம் கிடையாது என்பது. எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் சரி. கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்: குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் நிதியுதவி. அதே வருமானமுள்ள, பந்தையே தொடாத மாணவருக்கும் அதே உதவிதான்.

முதலில் கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் தோட்டத்துக் குடும்பத்துக்கு இதில் ஒரு நன்மை உண்டு. விளையாட்டுக்காகத் தரும் பணம் விளையாட்டோடு கட்டிப்போடும். முழங்கால் போனால், பயிற்றுநர் மாறினால், அது என்னவாகுமோ என்ற பயம் இருக்கும். வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி அப்படியில்லை. பிள்ளை அணியை விட்டு விலகினாலும் அது தொடரும். ஆலையிலோ தோட்டத்திலோ வேலை செய்யும் பெற்றோரின் சம்பளச் சீட்டு இங்கே மறைக்க வேண்டிய தாள் அல்ல, முன்னால் வைக்க வேண்டிய தாள்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு மாணவர் விண்ணப்பித்தால், அவருக்கு நிதியுதவி தேவைப்படுகிறதா என்பதைச் சேர்க்கை முடிவிலேயே கோர்னெல் கணக்கில் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டவருக்கான உதவி அங்கே அளவோடுதான் இருக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றும் வெளிநாட்டவருக்கும் அந்தப் பாகுபாடு பார்ப்பதில்லை. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதில் இது பெரிய வேறுபாடு.

அப்படியானால் விளையாட்டுக்கே பணம் தரும் தனியார் பல்கலைக்கழகம் இல்லையா? இருக்கிறது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் தனியார்தான், ஐவி லீக்கில் இல்லை. அது விளையாட்டு உபகாரச் சம்பளம் தருகிறது. டைகர் வூட்ஸ் அங்கே கோல்ஃப் ஆடினார், நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி அங்கே படித்தார். எல்லா விளையாட்டிலும் ஒட்டுமொத்தமாகச் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் தரும் டைரக்டர்ஸ் கோப்பையை ஸ்டான்ஃபோர்ட் 1994-95 முதல் 2018-19 வரை தொடர்ந்து 25 முறை வென்றது. அப்படிப்பட்ட ஸ்டான்ஃபோர்டே 2020இல் பணச் சுமையைச் சொல்லி 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. முன்னாள் மாணவர்களும் வீரர்களும் போராடிய பிறகு 2021இல் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. பெரிய பெயர் இருந்தால் அணி என்றென்றும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

பல்கலைக்கழக விளையாட்டின் மேற்பார்வைக்கு என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு இருக்கிறது. 1905 அமெரிக்கக் காற்பந்துப் பருவத்தில் பல இளைஞர்கள் திடலிலேயே அடிபட்டு இறந்ததும், அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகங்களை அழைத்துப் பேசினார்; அடுத்த ஆண்டே இதன் முன்னோடி அமைப்பு உருவானது. இன்று மூன்று பிரிவுகள் உண்டு. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டு உபகாரச் சம்பளம் தரலாம், மூன்றாவதில் கூடாது. ஐவி லீக் முதல் பிரிவில் இருந்துகொண்டே தன் சொந்த விதியால் தருவதில்லை.

நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்காக இன்னொரு செய்தி. 1972இல் அமெரிக்காவில் டைட்டில் நைன் என்ற சட்டப்பிரிவு வந்தது. அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையம் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டுக்கும் அது பொருந்தும் என்பதால் பெண்கள் அணிகள் பெருகின. வளைகோல் பந்தாட்டம், அதாவது திடலில் ஆடும் ஹாக்கி, இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது பெண்களுக்கான வார்சிட்டி விளையாட்டு, கோர்னெலிலும் பெண்கள் அணி உண்டு. கெடாவுக்காக ஹாக்கி ஆடும் பெண் பிள்ளைக்கு அங்கே இடம் இருக்கலாம். அதே மாநிலத்துக்கு ஆடும் அவள் அண்ணனுக்குச் சேர அணியே இருக்காது.

இதேபோல் இங்கே நாம் உயர்வாக நினைக்கும் பல விளையாட்டுகளுக்கு அங்கே மதிப்பு வேறு. பூப்பந்துக்கு என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டி கிடையாது. செப்பாக் தக்ராவுக்கும் வலைப்பந்துக்கும் இடமில்லை. மல்யுத்தத்துக்கோ பெரிய மதிப்பு: கோர்னெலின் கைல் டேக் 2010 முதல் 2013 வரை நான்கு ஆண்டும், நான்கு வெவ்வேறு எடைப் பிரிவுகளில் தேசியப் பட்டம் வென்றார். நம் ஊரில் அவ்வளவாகத் தெரியாத, வலை கட்டிய கோலால் பந்தை வீசி ஆடும் லாக்ரோஸ் ஆட்டத்தில் 1971இல் நடந்த முதல் என்.சி.ஏ.ஏ. போட்டியை வென்றதே கோர்னெல்தான்.

தோட்டத்துப் பிள்ளைக்கு மிக நேரான வழி ஓட்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரிய கூடமும் விலையுயர்ந்த மட்டையும் தேவையில்லை. பள்ளித் திடலில் சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓடிப் பழகியவள், முறையான தடத்தில், மின்கடிகாரம் வைத்த போட்டியில் 800 மீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடினாள் என்று எழுதி அனுப்பினால் இத்தாக்காவில் இருக்கும் பயிற்றுநர் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். காற்பந்தில் அது நடக்காது. யாருக்கு எதிராக ஆடினான், எந்த இடத்தில் ஆடினான் என்று காணொளி பார்த்துத்தான் எடை போட வேண்டும்.

ஸ்குவாஷுக்கு வருகிறேன். இந்த விளையாட்டு என்.சி.ஏ.ஏ.வின் கீழ் வராது, கல்லூரி ஸ்குவாஷுக்கென்று உள்ள தனிச் சங்கம் அதை நடத்துகிறது. பெண்கள் அணிக்கு ஹவ் கோப்பை, ஆண்கள் அணிக்குப் பாட்டர் கோப்பை. ஓர் அணியில் பலம் பார்த்து 1 முதல் 9 வரை வரிசைப்படுத்துவார்கள். என் முதல் ஆள் உங்கள் முதல் ஆளோடு, என் ஒன்பதாவது ஆள் உங்கள் ஒன்பதாவது ஆளோடு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐந்து செட், மூன்றை எடுத்தவர் வெற்றி. ஒன்பதில் ஐந்தை எடுத்த அணி வெற்றி. கவனியுங்கள்: முதல் ஆள் உலகத்தரத்தில் இருந்து 3-0 என்று வென்றாலும் அணிக்கு ஒரு புள்ளிதான், ஒன்பதாவது ஆள் மூச்சு வாங்க வாங்க 3-2 என்று வென்றாலும் அதே ஒரு புள்ளிதான். கனெக்டிகட் மாநிலத்தின் டிரினிட்டி என்ற சிறிய தனியார் கல்லூரி 1998 முதல் 2012 வரை தொடர்ந்து 252 மோதல்களில் வென்றது. பல நாடுகளிலிருந்தும் ஆள் சேர்த்து, வரிசையின் கடைசி வரை பலமாக வைத்திருந்ததுதான் காரணம். அந்தத் தொடரை முடித்த யேல், 5-4 என்று ஒரே ஆட்ட வேறுபாட்டில் முடித்தது.

இதனால் பயிற்றுநர் நட்சத்திரத்தை மட்டும் தேடுவதில்லை. ஆறாவது, ஏழாவது இடத்தில் நின்று ஆடக்கூடிய, படிப்பையும் சமாளிக்கக்கூடிய பிள்ளையையும் தேடுகிறார். மலேசியாவின் முதல் பத்துக்குள் வராத பிள்ளைக்கும் வாய்ப்பு உண்டு என்பதற்கு இதுதான் காரணம். சிவசங்கரி போன்றவர்கள் அபூர்வம். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் பெண்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தில் நிக்கோல் டேவிட்டை ஐந்தாவது செட் வரை இழுத்து வெள்ளி வாங்கியவர், 2022இல் சாலை விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தும் மீண்டு வந்து 2023இல் ஹாங்சோவில் அதே பிரிவில் தங்கம் வென்றவர், 2024இல் லண்டன் கிளாசிக் பட்டமும் எடுத்தவர். அவரைப் பார்த்துப் பெருமைப்படலாம். அந்த அளவுக்கு வராவிட்டால் அமெரிக்கா கிடையாது என்று பிள்ளையிடம் சொல்லிவிடக் கூடாது.

சேர்க்கையில் பயிற்றுநருக்கு எவ்வளவு பலம்? அவர் பரிந்துரைக்கலாம், முடிவு சேர்க்கை அலுவலகத்துடையது. அணிக்கு ஆள் தேடும்போது ஐவி லீக் பயிற்றுநர்கள் மதிப்பெண்ணையும் சேர்த்தே கேட்பார்கள். மதிப்பெண் அவர்கள் எல்லைக்குள் வராவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். உள்ளே போன பிறகும் தளர்வு கிடையாது. முழுநேர மாணவராக இருக்க வேண்டும், தேர்ச்சி நிலை குறைந்தால் ஆட முடியாது. பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வாங்கக்கூடாது என்று என்.சி.ஏ.ஏ. விதியே இருக்கிறது.

எப்போது தொடங்குவது என்றால் படிவம் 4. எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருந்தால் அந்த ஆண்டின் இடங்கள் பெரும்பாலும் பேசி முடிந்திருக்கும். எஸ்.பி.எம். மட்டும் போதுமா, எஸ்.டி.பி.எம். அல்லது ஏ-லெவல் வேண்டுமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்திடமே கேளுங்கள், ஏஜென்டிடம் கேட்காதீர்கள். ஒவ்வொரு அணியின் பக்கத்திலும் பயிற்றுநரின் மின்னஞ்சல் வெளிப்படையாக இருக்கும். பிள்ளையே எழுதட்டும், அப்பா எழுத வேண்டாம். பிறந்த ஆண்டு, பள்ளி, எந்த ஆண்டு படிப்பை முடிக்கிறாள், தேர்வு முடிவுகள், போட்டியில் எடுத்த நேரமோ தரவரிசையோ, அது எந்தப் போட்டி, ஒரு காணொளி இணைப்பு, நிதியுதவி தேவை என்ற ஒரு வரி. ஒரு பக்கத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் அடுத்த போட்டியின் முடிவோடு இன்னொரு முறை எழுதலாம், அதில் தவறே இல்லை. இதற்கெல்லாம் ஒரு காசு செலவில்லை. பயிற்றுநர் எவரும் இதற்குப் பணம் கேட்பதும் இல்லை.